செட்டில் ஆகிற வீடு

அடி அண்ணாமலை,
வெள்ளிக்கிழமை மதியம்

என் செல்லம் கவிநிலாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் தேறிவிட்டீர்கள், குட்டி இனியாவுக்கும் ஜுரம் விட்டுவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் உங்கள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அதன் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. வாரம் தவறாமல் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ கூப்பிட்டாலே அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியவில்லை. எதிர்வீட்டு வினோதினி பாலிடெக்னிக்கில் சிவில் கடைசி வருஷம் படிக்கிறாளே, அவள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அவளே படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள்.

விஷயம் நம் வீட்டைப் பற்றியது. ஐப்பசி மழையில் மாடி அறையில், அதுதான் நீ பொங்கலுக்கு வந்தால் தங்குவதற்கென்று வைத்திருக்கிறோமே அந்த அறையில், ஜன்னலுக்கு மேலே தலைமுடி மாதிரி ஒரு விரிசல் விட்டது. அப்பா வீடு கட்டிய காண்ட்ராக்டர் சக்கரவர்த்தியைக் கூப்பிட்டார். அவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "புது வீடுங்க, செட்டில் ஆகுது. எல்லா வீடும் இப்படித்தான், பயப்படாதீங்க"ன்னு சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். அப்பா முகத்தில் அப்படி ஒரு தெளிவு. உனக்கே தெரியும், நம் வீட்டில் அந்த வார்த்தை நல்ல சேதிக்கு மட்டும்தான் வரும். உனக்கு வேலை கிடைத்தபோது செட்டில், கல்யாணம் ஆனபோது செட்டில், பெரியப்பாவோடு இருந்த கிணற்றுத் தகராறு முடிந்தபோது அதுவும் செட்டில். நீ கனடா போன புதிதில் இவர் கண்டக்டராகப் போன பஸ்ஸில் ஏறினவர்களுக்கெல்லாம் டிக்கெட்டோடு சேர்த்து, பொண்ணு அங்க செட்டில் ஆயிட்டான்னு சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது வீடும் செட்டில் ஆகிறது என்றதும் அதுவும் ஏதோ பரீட்சையில் பாஸாகிவிட்ட மாதிரி அவருக்குச் சந்தோஷம்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. பத்து நாளில் பின்பக்கக் கதவு சாத்த வரவில்லை, மழைக்கு மரம் ஊறியிருக்கும் என்று அப்பா இழைத்துவிட்டார். மறுபடியும் இடித்தது. சமையல்கட்டில் தண்ணீர் கொட்டினால் முன்பெல்லாம் வாசல் பக்கம் ஓடும், இப்போது கொல்லைப் பக்கம் ஓடுகிறது. தண்ணி லாரி தெருவில் போனால் அலமாரியில் தட்டுகள் கிணுகிணு என்கின்றன. வினோதினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் விரிசலுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்துச் சிமெண்டால் ஒட்டினாள், சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும் ஆண்ட்டி என்றாள். நாலாம் நாள் மூன்றும் உடைந்திருந்தன. உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். "செட்டில் ஆகுறதுன்னா மொத்தமா ஒரே சமமா எறங்கணும், கொஞ்ச நாள்ல நின்னுடணும். இது பின்பக்கம் மட்டும் எறங்குது, நிக்கவும் இல்ல. இங்க முன்னாடி என்ன இருந்துச்சு அங்கிள்?"ன்னு கேட்டாள். காலையில் அவ்வளவு மழை பெய்திருந்தும் அப்பா வெளியே போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார்.

நான் விடவில்லை. கோபித்துக்கொள்ளாமல் படி. அன்று சாயங்காலம் அவராகவே சொன்னார். "அது குட்டை, அருணா. நான் மாடு குளிப்பாட்டின குட்டை. இடிச்ச வீட்டுக் கல்லு மண்ணெல்லாம் கொட்டி மூடி மனை போட்டாங்க. கவி மாடியிலிருந்து மலை தெரியணும்னு கேட்டா, மறைக்காத மனை அது ஒண்ணுதான் இருந்துச்சு. இத்தன வருஷத்துல இறுகியிருக்கும்னு நெனச்சேன்." நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்து என்னிடம்கூட மறைத்திருக்கிறார். சக்கரவர்த்திக்குப் போன் போட்டேன், "அதெல்லாம் அப்பவே உங்க வீட்டுக்காரரோட பேசி செட்டில் பண்ணியாச்சும்மா, இனிமே அந்த வீட்டுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல"ன்னு வைத்துவிட்டார். குட்டை என்று அந்த ஆளுக்கும் தெரிந்திருக்கிறது. செங்கம் ரோட்டில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்தேன். அப்பா வரவே மாட்டேன் என்கிறார். பொண்ணு ஆசையாக் கட்டிக் கொடுத்த வீட்ட விட்டு ஓடி வந்துட்டேன்னு அவகிட்ட எந்த வாயால சொல்றதுன்னு கேட்கிறார்.

இன்றைக்குக் காலை உலை கொதிக்கும்போது பெரிய மரக்கட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் சமையல்கட்டுச் சுவருக்கும் கூரைக்கும் நடுவில் விரல் நுழைகிற சந்து, அதில் வானம் தெரிகிறது. கேஸை அணைத்தேனா இல்லையா என்றுகூட ஞாபகம் இல்லை. அப்பா ஓடி வந்து என் கையைப் பிடித்து வாசல் கேட் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து விட்டார். விட்டுவிட்டு, வேண்டாம் வேண்டாம் என்று நான் கத்தக் கத்தத் திரும்ப உள்ளே போனார். வினோதினியின் அப்பா போய்க் கூப்பிட்டும் இவர் கதவைத் திறக்கவில்லை, அவர் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு நம் வாசலிலேயே நிற்கிறார். இந்த ஜன்னலிலிருந்து எனக்கு நம் மாடி தெரிகிறது. இனியாவுக்கென்று வாங்கிய சின்னக் கட்டிலை விரிசல் பக்கத்திலிருந்து இழுத்து எதிர்ச் சுவரோரம் போடுகிறார் கவி. விரிப்பைச் சரிசெய்கிறார். அங்கே பத்திரமாக இருக்கும் என்று அவருக்கு எண்ணம்.

அவரைத் திட்டாதே. ஏன் மறைத்தாய் என்று இப்போது கேட்காதே, அதற்கெல்லாம் பிறகு நாள் இருக்கிறது. அவர் போனுக்கே கூப்பிடு, நீ மட்டும் பேசு. நாங்கள் இனிமேல் அந்த வீட்டில் வந்து தங்கப்போவதில்லை, எனக்கு வீடு வேண்டாம், நீ இறங்கி வாப்பா என்று சொல். நான் சொன்னால் பிடிவாதம் ஏறுகிறது, நீ சொன்னால் இறங்கி வருவார்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும், அண்ணாமலையார் துணை இருப்பார். குழந்தைக்குக் குளிரில் காதை மூடி விடு. வினோதினி போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை, அங்கே விடிந்திருக்காது என்று தெரியும், இதைப் பார்த்த உடனே அப்பாவைக் கூப்பிடு, இங்கே மறுபடியும் தூறல் போட ஆரம்பித்துவிட்டது.

உன் அம்மா,
ரா. அருணாதேவி