முகிலூரின் இரண்டு வாசல்கள்

மழை பிழையாது பொழிக. மன்றம் வழுவாது நிலைக்க. முக்குன்றமும் ஏழாறும் உடைய தென்கோட்டு நாட்டின் தனிப்பெருங்காவலர், பேரரசி அல்லியங்கோதையார் திருமுன்பு, அரண்மனை ஓலைகளை எழுதிப் பணி ஓய்ந்த ஓலைநாயகம் கீரங்கோன் விடுக்கும் ஓலை. தங்கள் அரண்மனை யானைகளும், அவற்றின் பாகரும், பாகரை ஏசும் அவர்தம் மனைவியரும் நலமுற்றிருக்க முகிலூர் ஊரவை வாழ்த்துகிறது.

முகிலூரா, அப்படி ஓர் ஊர் உண்டா என்று திருப்புருவம் உயரும். உயரட்டும். தும்மினாலும் மூன்று நாட்டார் எழுந்து நின்று வாழ்த்தும் புகழுடைய கூத்தர் மணிமிடறன், ஏழாண்டுக்கு முன் தங்கள் தந்தையார் அவையில் கண்கலங்கப் பாடிக் காட்டிய ஊர் அது. தானே நகரும் தெருக்கள், வெயிலைக் குடித்து விடியுமட்டும் எரியும் விளக்குகள், மாடியேறி வரும் ஆறு. கூத்தர் சொன்ன மாடங்கள் நாற்பது. அவ்வூரை எழுப்புவதாகத் தங்கள் தந்தையார் விடுத்த அறிவிப்பு ஓலையில் ஏறியவை நானூறு. சன்னலில் கைநீட்டி முகிலைப் பிழிந்து முகம் கழுவலாம் என்ற வரியும் கூத்தருடையதன்று. எழுதிய கை எதுவென்று கீரங்கோனுக்குத் தெரியும். அன்று அந்தக் கைக்கு இருந்த குதூகலத்தை அவர் இன்னும் மறக்கவில்லை.

நம் நாட்டில் சுவருக்கு முன்னே வாசல்நிலை நடுவது வழக்கம். நிலையை நட்டு ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டால் அவர் அவ்வூரார். அறிவிப்பை நம்பி எண்ணூறு குடிகள், முகிலூர் எழும் என்ற பொட்டலில் நிலை நட்டு, மாவிலை கட்டி, நுழைந்தார்கள். நுழைந்த பக்கமும் புல், விட்டு வந்த பக்கமும் அதே புல். கூத்தர் கடல்கடந்து ஆடப் போனார். அங்கேயும் ஓர் ஊரைப் பாடுகிறாராம். மாடம் கட்டக் கல் வரவில்லை. குடிகள் ஒவ்வொருவராக நிலையைப் பிடுங்கித் தோளில் சுமந்து பழைய ஊருக்கே திரும்பினார்கள். ஒருத்தி மட்டும் திரும்பவில்லை: துணி வெளுக்கும் பூவி.

எஞ்சிய நிலையையும் பிடுங்கி, அந்நிலத்தில் யானைக்கொட்டில் எழுப்புக என்று தாங்கள் இட்ட ஆணையை அவளுக்குப் படித்துச் சொல்லக் கீரங்கோனே போனார். அவள் வாசற்படியைக் கழுவிக்கொண்டிருந்தாள். இல்லாத வீட்டுக்கு இத்தனை தண்ணீரா என்று அவர் சிரித்தார். அவரையும் காலைக் கழுவிவிட்டு நிற்கச் சொன்னாள். ஆணையைக் கேட்டபின் இன்னொரு குடம் நீரைப் படியில் ஊற்றினாள்.

"பழைய ஊர்ல எங்க குடிசைக்கு வாசல் ஆத்தைப் பாத்துத்தான் இருக்கணும், ஐயா. தெருவைப் பாத்து வாசல் வைக்க என்னை விட்டது இந்த ஊர் ஒண்ணுதான். இது இல்லாத ஊரா இருந்தாத்தான் என்ன?"

நானூறு மாடங்களை ஓலையில் ஒரே மூச்சில் எழுப்பியவர் அவள் அருகில் வந்து நின்றார். அவள் வாசலுக்கு நேரே, வராத தெருவை அவரும் பார்த்தார். தேர் போகும் அகலம் இருந்தது. தாம் எழுதிய ஊருக்காகத் தாமே ஏங்கியது அன்றுதான்.

மறுநாள் காலை, மருமகள் வைத வசை மூன்று ஊருக்குக் கேட்க, தம் வீட்டு நிலையைப் பெயர்த்து வண்டியேற்றிக் கொணர்ந்து, பூவியின் வாசலுக்கு எதிரே நட்டார். முறைப்படி குனிந்து நுழைந்தார். எதிரெதிரே இரு வாசல் நின்றால் அது தெரு. தெருவை ஊரவை இசையாமல் அரசரும் அழிக்கலாகாது. இது தங்கள் பாட்டனார் கல்லில் வெட்டுவித்த ஆணை. ஊரவை நேற்றே கூடியது. தலைமை பூவி, ஓலை எழுதக் கீரங்கோன். அவை இசையவில்லை.

ஆகவே கட்டளை: கொட்டில் வேறிடத்தில் எழுக. தங்கள் ஆணையாளர் வருவாராயின் தெருவழியே வந்து, பூவியின் வாசலில் நின்று, அவள் அழைத்த பின்னரே நுழைக. கால் கழுவ நீர் வைக்கப்படும்.

கீரங்கோனின் முத்திரை, பணி ஓய்ந்த நாளிலேயே அரண்மனை சேர்ந்துவிட்டது. எனவே முகிலூரின் முத்திரையாக, பூவி தான் வெளுக்கும் துணிக்கு அடையாளமாக இடும் சேங்கொட்டைக் குறியே இவ்வோலைக்கும் இடப்பட்டது: மூன்று புள்ளி, ஒரு கோடு. ஐயமுண்டாயின், தாங்கள் இன்று உடுத்தியிருக்கும் ஆடையின் உள்விளிம்பைத் திருப்பிப் பார்த்தருள்க.