என் பெயரில் யாரோ எழுதிய கோப்புகள்

பிப்ரவரி 6, 2006. திங்கள்

காலையிலேயே வெயில் காய்கிறது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, அதிசயம். வாங்க வேண்டியவை: ஃபைல், ரிப்பன், அம்மாவுக்குத் தைலம்.

லேபில் ஒரு வேடிக்கை. நெட்வொர்க் பாடத்துக்காக லேப் சார் போன வாரம் ஒரு சி.டி.யில், பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி வைத்திருந்த சோர்ஸ் கோடு கட்டைப் பொது சர்வரில் பிரித்து வைத்தார். எழுதியவர் ஏதோ குளிர் நாட்டுக்காரர். இன்று பார்த்தால் அத்தனை கோப்புக்கும் உரிமையாளர் ஸ்டெல்லா. நான்!

பக்கத்து சீட் ஷைனி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏட்டி, இம்புட்டையும் எப்ப எழுதுன? சொல்லவே இல்லியே!"

கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பிப். 7, செவ்வாய்

சிரிப்பு போச்சு. துறைத்தலைவர் (இனி து.த.) கண்ணில் அது பட்டுவிட்டது. அந்த இடத்தில் கோப்பு வைக்க, சர்வரில் எதையும் செய்ய அதிகாரமுள்ள ரூட் கணக்கின் பாஸ்வேர்டு வேண்டும். தெரிந்தவர் லேப் சார் மட்டும்.

"நான் ரூட்ல நின்னுதான் பிரிச்சேன் சார். ரூட் பேருதானே வரணும்?" என்றார் லேப் சார்.

ஆக, நான் பாஸ்வேர்டைத் திருடி, உள்ளே புகுந்து, எல்லாவற்றையும் என் பெயருக்கு மாற்றிக்கொண்டேனாம். லாகினை முடக்கிவிட்டார்கள். ப்ராஜெக்ட் முழுவதும் அதற்குள். வெள்ளிக்கிழமை ரிவ்யூ. அதற்குள் நான் செய்யவில்லை என்று காட்டாவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

பாத்ரூமில் அழுதேன். வீட்டில் மரச்சீனிக் கிழங்கு, சாளை மீன் குழம்பு. இரண்டு தட்டு. அழுதால் எனக்குப் பசிக்கும்.

பிப். 8, புதன்

கல்லூரிக்கு மட்டம். தோவாளையில் ஷைனி வீடு. அவள் அண்ணன் துபாயிலிருந்து வாங்கி வந்த கம்ப்யூட்டர், லினக்ஸ் போட்டது. அறை முழுக்கப் பிச்சிப்பூ மூட்டை. அவள் அப்பாவுக்குப் பூ வியாபாரம்.

அதே சி.டி.யை லேப் சாரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். ரூட்டில் நின்று பிரித்தோம். உரிமையாளர் இடத்தில் பெயரே இல்லை. வெறும் எண். 513.

"இது எந்த ஊர் நம்பருட்டி?" என்றாள் ஷைனி.

எனக்குத் தெரிந்த எண்தான். லேப் சர்வரில் ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண் உண்டு, இது என்னுடையது.

அப்போதுதான் மண்டையில் ஏறியது. கோப்புகளைக் கட்டியவருக்கு அவர் மெஷினில் எண் 513. ரூட் இல்லாத நம்மைப் போன்றவர்கள் பிரித்தால் பிரித்தவர் பெயர் விழும். ரூட் பிரித்தால் கட்டில் உள்ள பெயரைத் தேடும், அந்தப் பெயரில் இங்கே ஆள் இல்லை என்றால் எண்ணை அப்படியே போட்டுவிடும். லேபில் 513 நான், அதனால் என் பெயர் காட்டியது. ஷைனி வீட்டில் 513 என்று யாருமே இல்லை.

குதித்தோம். அவள் அப்பா எட்டிப் பார்த்தார். "என்னத்துக்கு மக்கா இந்தத் துள்ளு துள்ளுதிய?"

"நான் எழுதல மாமா! நான் எழுதவே இல்ல!"

"எழுதாததுக்கா?" என்றவர், என் கையில் ஒரு பந்து பிச்சியை வைத்துவிட்டுப் போனார்.

பிப். 9, வியாழன்

தூறல். குடை பஸ்ஸிலேயே போச்சு.

து.த. நம்பவில்லை. "கத கேக்க நேரமில்லம்மா."

லேப் சார், புண்ணியவான், நடுவில் வந்தார். "ஸ்டாஃப் ரூம் சர்வர்ல ஒருக்கா பிரிச்சுப் பாத்துருவோம் சார். பிள்ளையளுக்கு அதுல கணக்கே கெடையாது."

பிரித்தார். பட்டியல் ஓடியது. உரிமையாளர்: து.த. அடுத்த வரி: து.த. கீழே வரை து.த. அந்த சர்வரில் 513 அவர்.

லேப் சார் இருமினார். அவருக்கு இருமலே கிடையாது.

து.த. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ஒம்ம பாஸ்வேர்ட எடுக்கலவே" என்றார் லேப் சாரிடம். அப்புறம் முதலில் சிரித்ததும் அவர்தான்.

லாகின் வந்துவிட்டது. கோப்பெல்லாம் ரூட் பெயருக்கு மாறியது. மனுஷன் ஒரு சாரி சொல்லவில்லை. டீ வாங்கித் தந்தார், பருப்பு வடையோடு. கோபம் பாதி வடையிலேயே போய்விட்டது.

பிப். 10, வெள்ளி

நீலச் சுடிதார். ப்ரோக்ராம் முதல் தடவையே ஓடியது, மாதாவே!

து.த. திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதாவது நீ எழுதினதுதானா?"

"இது நான் எழுதுனது சார். அதுதான் நீங்க எழுதுனது."