கார் நிறுத்த ஒரு மேடு

மதுரை,
மார்கழி, ஞாயிறு மாலை.

அன்புள்ள சுபலட்சுமிக்கு,

ஹம்சவேணி அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் கிரிதரன் அண்ணனும் நலம். உன் காலும் அம்மாவின் மூட்டுவலியும் எப்படி இருக்கின்றன? போனில் கேட்டால் "பரவால்லக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் கடைசிவரை படிப்பாய் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

இந்த வருஷம் மார்கழி பிறந்த பிறகும் மழை விடவில்லை. மகால் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் நின்று இப்போதுதான் வடிந்திருக்கிறது. நாகமலை முழுக்கப் பச்சை. நீ பார்த்தால் வீட்டில் இருக்க மாட்டாய்.

உன் அம்மா பேசினார்கள். உன் கியர் சைக்கிளை வாங்க உசிலம்பட்டியிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனாராம். "அவளேதான் வித்துரச் சொல்லிட்டா, நான் ஒண்ணும் சொல்லல" என்றார்கள். குரலில் சந்தோஷம் இல்லை. உன் சைக்கிள், உன் முடிவு. ஆனால் அதற்கு முன் இந்த மாதம் நாங்கள் என்ன செய்தோம் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

போன வருஷம் நாம் நாகமலையில் சைக்கிள் ஓட்டப் போனபோது, பாறை இறக்கத்தில் நீ விழுந்து கால் முறிந்தது ஒரு பக்கம். உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தால், கார் கரிசல் சேற்றில் பாதிச் சக்கரம் புதைந்து நின்றது. டிராக்டர் வந்து இழுக்கும்வரை பின்சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாயே, அந்த முகம்தான் எனக்கு அடிக்கடி நினைவில் வருகிறது. அதன் பிறகு நானும் மலைப்பக்கம் போகவில்லை சுபா. உனக்கு அது தெரியாது.

இந்த மழை தொடங்கியதும் அண்ணன் ஒருநாள் எங்கள் வீட்டு பாஷையில் ஒன்று சொன்னார். தமிழில் சொன்னால், "சைக்கிள் ஓட்டுவது இருக்கட்டும், காரை எங்கே நிறுத்துவது என்று முதலில் பார்ப்போம்." அப்படியே ஞாயிறுதோறும் சைக்கிள் இல்லாமல் கிளம்பினோம்.

முதலில் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம். தார் ரோட்டு ஓரமாக நிறுத்தலாம், கார் சிக்காது. ஆனால் அங்கிருந்து மலையடி வரை கரிசல் வண்டிப்பாதை. இறங்கி நடந்தேன். கொஞ்ச தூரத்திலேயே ஒவ்வொரு செருப்பிலும் ஒரு சட்டி மண் ஒட்டிக்கொண்டது. சைக்கிள் சக்கரம் சுற்றவே சுற்றாது.

அடுத்த வாரம் ஒரு கண்மாய்க் கரை. மேலே சரளை, நல்ல உறுதி. இதுதான் இடம் என்று அண்ணன் இன்ஜினை அணைத்தார். பின்னாலேயே உர மூட்டைகளோடு ஒரு வண்டி வந்து நின்றது. "இதுல நிறுத்திட்டா நாங்க எப்பிடிப் போறது? போன வாரமும் உங்கள மாதிரி ஆளுகதான் நிறுத்திட்டு மலையேறிட்டாக. மத்தியானம் வரைக்கும் மூட்டையோட நின்னோம்" என்றார் வந்தவர். அவர் சொன்னது நியாயம். காரை எடுத்துவிட்டோம்.

பிறகுதான் எனக்கு அந்த டிராக்டர்காரர் நினைவு வந்தது. சமயநல்லூர்ப் பக்கம், அழகுபாண்டி. அன்றைக்குப் பதற்றத்தில் நன்றி சொன்னோமோ இல்லையோ. இனிப்பு வாங்கிக்கொண்டு போனோம். அவர் மனைவி ராமக்காள் எங்களைவிடக் காரைத்தான் முதலில் அடையாளம் கண்டார். வாங்க என்று சொல்வதற்கு முன்பே, "அந்தப் பிள்ள நடக்குதா?" என்று கேட்டார். நன்றாக நடக்கிறாள், மாடிப்படி ஏறுகிறாள் என்றேன். "சைக்கிள் ஓட்டுதா?" என்றார். நான் இனிப்புப் பொட்டலத்தை நீட்டினேன்.

வீட்டுக்கு முன்னால் சிமெண்டுக் களம். அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ராமக்காள் கவனித்துவிட்டார். "களத்தப் பாக்காதீகண்ணே. தை பொறந்தா அதுல நெல்லு காயணும். சேத்து டயர ஏத்த விடமாட்டேன்." அழகுபாண்டி சிரித்துக்கொண்டே எங்களைத் தோட்டத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். கிணறு வெட்டியபோது எடுத்த கல்லையும் சரளையையும் கொட்டி மட்டம் செய்த மேடு அது. "எம்புட்டு மழை பேஞ்சாலும் தண்ணி நிக்காது. இங்க நிறுத்திக்கிருங்க. ஒண்ணுன்னா உடனே ரோட்டுக்கு ஏறிரலாம்" என்றார். அன்று காலைதான் மழை பெய்திருந்தது. அண்ணன் முன்னும் பின்னுமாக ஓட்டிப் பார்த்தார். டயர் துளியும் இறங்கவில்லை. மேட்டிலிருந்தே மலையடிக்குச் சரளைப் பாதை போகிறது. காருக்குள் இருந்தபடியே பாறை இறக்கம் வரை பார்க்கலாம். நான் முன்சீட்டில் நீ உட்காருவது போல உட்கார்ந்து பார்த்தேன்.

இன்று காலை அங்கிருந்து சைக்கிள் ஓட்டினேன். ஈரப் பாறை வந்ததும் பயம் வந்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு திரும்பிவிட்டேன். "அம்புட்டுத்தானா?" என்றார் ராமக்காள். அம்புட்டுத்தான். ஆனால் வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

வரும் ஞாயிறு காலை அண்ணனோடு எழுமலைக்கு வருகிறேன். உன்னை அந்த மேட்டுக்குக் கூட்டிப்போகிறேன், நீ சைக்கிள் ஓட்ட வேண்டியதில்லை. காரை மலையைப் பார்த்து நிறுத்துகிறேன், சாய்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார். சைக்கிள் வாங்க வருபவரிடம், ஞாயிறு கழியட்டும் என்று மட்டும் சொல். வாசலில் வந்து ஹாரன் அடிக்க மாட்டேன். நீ வெளியே வரும்வரை நிற்பேன்.

என்றும் உன் நலம் வேண்டும்,
ஹம்சவேணி.


எழுமலை,
வியாழன்.

அன்புள்ள ஹம்சவேணி அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை அம்மாதான் முதலில் பிரித்துப் படித்தது. படித்து முடித்து என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டது.

நான்தான் விற்கச் சொன்னேன். சைக்கிளைப் பார்க்கும்போதெல்லாம் என் கை தானாகக் காலைத் தொட்டுப் பார்க்கும். அது போய்விட்டால் இதுவும் போய்விடும் என்று நினைத்தேன்.

உசிலம்பட்டிக்காரர் நேற்று வந்தார். டயரில் காற்று இல்லை என்று பம்பை எடுத்தார். அவர் காற்று அடித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. "குடுங்கண்ணே, நானே அடிக்கிறேன்" என்று வாங்கி அடித்தேன். அடித்து முடித்ததும், சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதுபோல ஏறித் தெருமுனை வரை போய்த் திரும்பினேன். முழங்கால் இழுத்தது. ஆனால் மடங்கியது. விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். பாவம் அவர், அலைந்ததுதான் மிச்சம். அம்மா காபி கொடுத்து அனுப்பியது.

தெரு வேறு, மலை வேறு. பாறை இறக்கத்துக்கு நான் வரமாட்டேன், இப்போதைக்கு. சரளைப் பாதையில் மலையடி வரை வருகிறேன். அதனால் காரை மலையைப் பார்த்து நிறுத்த வேண்டாம் அக்கா. ஈரக்காலத்தில் ரோட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்துவதுதான் சரி. "சைக்கிள் ஓட்டுதா" என்று ராமக்காள் அக்கா கேட்டதற்கு நானே நேரில் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

காலைச் சாப்பாடு இங்கேதான் என்று அம்மா சொல்லச் சொன்னது. அண்ணனுக்குப் பணியாரம் உண்டு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பாதையில் நீங்கள் முன்னால் போங்கள். நான் பின்னால் மெதுவாக வருவேன். திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள்.

உங்கள்,
சுபா.