பாஞ்சாலி அக்கா போட்ட சதுரம்

ஜூன் 9
விழுப்புரத்தில் ஏறியதும் ஜன்னல் சீட் கிடைத்தது. திண்டிவனம் வருவதற்குள் கொக்கி ஊசியால் ஒரு குரோஷா சதுரம் பின்னி முடித்துவிட்டேன். கண் ஆஸ்பத்திரியில் பெயர் பதிகிற மேசையில் வேலைக்கு உட்கார்ந்த பிறகும் கை ஊசியையே தேடியது.

பரணிலிருந்து பையை இறக்கிக் கொடுத்தது என் வீட்டுக்காரர்தான். உள்ளே முப்பத்தோரு சதுரங்கள். அவருடைய முதல் மனைவி, பாஞ்சாலி அக்கா போட்டவை. மகள் கலைப்பிரியாவின் கட்டிலுக்கு நாற்பத்தெட்டு சதுரத்தில் போர்வை என்று ஆரம்பித்து, பாதியில் காய்ச்சலில் போய்விட்டார். மூன்று வருஷம் ஆகிறது.

நான் இந்த வீட்டுக்கு வந்து ஏழு மாதம். கலை பத்தாவது படிக்கிறாள். இதுவரை என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. தண்ணி வரவில்லை என்றால்கூடக் குழாயைப் பார்த்துத்தான் சொல்வாள். மீதிப் பதினேழையும் போட்டு, போர்வையை முடித்து அவள் கட்டிலில் விரித்தால்? அதற்குப் பிறகாவது கூப்பிடுவாளா? ஆசைதான். ஒளிப்பானேன்.

ஜூன் 12
என் சதுரத்தை அக்காவுடையதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. ஒரு சுற்று முடிந்ததும் முதல் தையலில் கோத்து இழுத்து, மூன்று சங்கிலி போட்டு அடுத்த சுற்றுக்கு ஏறுகிறேன். அந்த இடம் கோடாகத் தெரிகிறது. அக்காவுடையதிலும் கோடு உண்டு. ஆனால் மூலையை மேலே பிடித்தால் என் கோடு மூலைக்கு இடப்பக்கம் இறங்குகிறது, அவருடையது வலப்பக்கம்.

ஜூன் 13
சதுரத்தைத் திருப்பிப் போட்டால் என் கோடும் வலப்பக்கம் வருகிறது. ஆனால் முதுகுப்பக்கம் மேலே தெரிகிறது. திருட்டு வேலை. வேண்டாம்.

ஜூன் 18
கூட வேலை செய்யும் அமலா ஒரு வழி சொன்னாள். கடைசி மூலையில் இரண்டு சங்கிலிக்குப் பதில் ஒரு சங்கிலியும் ஒரு குட்டைத் தையலும் போட்டு மூடினால், ஊசி மூலைக்கு நடுவிலேயே நிற்குமாம். அடுத்த சுற்றை அங்கிருந்தே தொடங்கலாம். போட்டேன். கோடு பாதி மறைந்தது, ஆனால் பக்கம் மாறவில்லை. பிறகு சுற்றுக்குச் சுற்று நூலை வெட்டி, வேறு வேறு மூலையில் தொடங்கினேன். கோடே இல்லை. அதுவும் அக்கா சதுரம் மாதிரி இல்லையே! நூல்முனைகளை ஒளித்து ஒளித்துக் கண் வலித்ததுதான் மிச்சம்.

ஜூன் 22
தப்புப் பண்ணிட்டேன்.

ஒரே ஒரு சதுரம், அதில் கடைசிச் சுற்று மட்டும். பிரித்துப் பார்த்தால் அக்கா எப்படி இணைத்தார் என்று தெரிந்துவிடும், அப்படியே திரும்பப் போட்டுவிடலாம் என்று — நிமிர்ந்தால் டியூஷன் முடிந்து கலை நிற்கிறாள். என் மடியில் பச்சை நூல் நெளிநெளியாகக் கிடக்கிறது.

"எங்கம்மா போட்டத உங்கள யாரு பிரிக்கச் சொன்னது?"

கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. சதுரங்கள் இருந்த பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு அறிவு எங்க போச்சு? அந்தம்மா கையால போட்ட முடிச்சு. அதைப் போயி நான் இழுத்தேனே.

ஜூன் 23
அவரிடம் சொன்னேன். "உட்டுடு பூமாலை, நாலு நாள்ல சரியாயிடும்" என்கிறார். ஆகாது.

ஜூன் 25
டிபன் பாக்ஸ் இன்றும் திறக்காமலே திரும்பி வந்தது.

ஜூன் 28
சாத்திய கதவுக்கு வெளியே நின்று மன்னிப்புக் கேட்டேன். உங்கம்மா மாதிரியே போடணும்னுதான் பிரிச்சேன், எனக்கு வரல, பிரிச்சது தப்பு என்றேன். குறைச் சதுரத்தையும் நூலையும் ஊசியையும் அவள் அறை வாசலில் வைத்தேன். பக்கத்தில் ஒரு தட்டு மல்லாட்டை, தோலோடு வேகவைத்த வேர்க்கடலை. அவளுக்குப் பிடிக்கும்.

ஜூன் 29
காலையில் தட்டில் தோல் மட்டும் இருந்தது.

மத்தியானம் கலை கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். ஊசி இடது கையில். அதே நெளிந்த நூலை எடுத்துப் போட ஆரம்பித்தாள். சுற்று எனக்கு எதிர்த் திசையில் ஓடியது. முடித்து இணைத்தாள். கோடு மூலைக்கு வலப்பக்கம் விழுந்தது.

"எங்கம்மாக்கு எடது கை. எனக்குந்தான். ஏழு மாசமா பாத்துக்கினு இருக்கீங்க, தெரியலையா?"

தெரியவில்லை. சாப்பிடுவது வலது கையால். எழுதுவது அவள் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. மூன்று வாரமாக நூலைத்தான் உற்று உற்றுப் பார்த்திருக்கிறேன், அவள் எந்தக் கையால் எழுதுகிறாள் என்று பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நன்றாகப் பார்க்கலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தலைகீழாகக் குழம்பியது. "எதிர்ல ஒக்காருங்க, கண்ணாடில பாக்கற மாதிரி இருக்கும்" என்றாள். மாறி உட்கார்ந்தேன். முகத்துக்கு நேரே முகம்.

ஜூலை 20
அவள் போடுகிறாள், நான் நூல்முனைகளை ஒளிக்கிறேன். முப்பத்தொன்பது ஆயிற்று. பேச்சு அதிகமில்லை. டிபன் பாக்ஸ் காலியாக வருகிறது.

ஆகஸ்ட் 17
நாற்பத்தேழு. கடைசி ஒன்றுக்கு நூல் எடுப்பாள் என்று பார்த்தால், என் அலமாரியைத் திறந்து, ஜூனில் நான் பஸ்ஸில் போட்ட சதுரத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். கால்மாட்டில் ஓரமாக வைப்பாள் என்று நினைத்தேன். தலைமாட்டு வரிசையில் வைத்தாள்.

"கோடு வேற பக்கமா தெரியுமே கலை" என்றேன்.

"தெரியட்டும் சித்தி" என்றாள், தலை நிமிராமல்.

என் கையில் இருந்த தையல் ஊசியில் நூல் கோக்க ரொம்ப நேரம் பிடித்தது.