பதிலுக்கு விட்ட மூன்று வரி

ஐயா,

நீங்கள் கேள்விகள் எழுதிய கொப்பி என் மேசைமேல் திறந்தபடி கிடக்கிறது. நேற்றுப் பின்னேரம் அது வந்ததிலிருந்து அறை முழுக்கத் தைல வாசம். முழங்கால் வலிக்கு நீங்கள் பூசிக்கொள்ளும் அதே தைலம். விரிவுரை மண்டபத்தில் நாலாம் வரிசை ஓரக் கதிரைப் பக்கம் போனாலே அது அடிக்கும். மாணவிகள் மூக்கைச் சுழித்துக்கொண்டு விலகிப் போவார்கள். நான் எழும்புகிறேன், யன்னல் வரை நடக்கிறேன், திரும்பி வந்து கொப்பியைப் பார்க்கிறேன், மறுபடி எழும்புகிறேன். நாளைக் காலை பொது விரிவுரை. பேசப் போகிறவள் நான்தான். பேச்சை எழுதி முடித்து ஒரு வாரம் ஆகிறது, நேற்று வரை அது நல்ல பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் வளாகத்தில் உங்களைத் தெரியாத ஆள் இல்லை. கப்பல்துறையிலிருந்து டவுனுக்கு ஒரு பஸ், டவுனிலிருந்து நிலாவெளிப் பக்கம் வர இன்னொரு பஸ். வரலாறு, தமிழ், மெய்யியல் என்று எந்தத் துறை கூட்டம் வைத்தாலும் வந்துவிடுவீர்கள். எங்கள் சொந்த மாணவர்களே பார்க்காத அறிவித்தல் பலகையை நீங்கள் எப்போது பார்த்தீர்களோ தெரியாது. ஹாபரில், அதுதான் துறைமுகத்தில், வேலை செய்து இளைப்பாறியவர் என்று யாரோ சொன்னார்கள், நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம். கூட்டம் முடிந்து தேநீரோடு தரும் பற்றிஸை நீங்கள் தின்னாமல் கடதாசியில் சுற்றிப் பையில் வைப்பீர்கள். அதைப் பார்த்துப் பொடியன்கள் உங்களுக்கு 'பற்றிஸ் ஐயா' என்று பேர் வைத்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தவள்தான்.

ஆனால் கேள்வி நேரம் வந்தால் ஒருவருக்கும் சிரிப்பு வராது. கொப்பியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு எழும்புவீர்கள். "ஒரு சின்னச் சந்தேகம்" என்பீர்கள். அந்தச் சின்னச் சந்தேகம் எத்தனை பேருடைய ஒரு வருட உழைப்பைச் சரித்திருக்கிறது! பழைய பாய்க்கப்பல்களைப் பற்றிப் பேச வந்த ஒரு பேராசிரியர் எனக்கு மறக்காது. படங்களும் வரைபடங்களுமாக மனுசன் அசத்திவிட்டார். நீங்கள் எழும்பினீர்கள்.

"சேர், தெற்கால வாற பாய்க்கப்பலெண்டா சோழகக் காத்தில வரோணும். நீங்கள் வாடைக்க வந்ததெண்டு சொன்னீங்கள். அது எப்பிடி?"

அவர் தண்ணீர் குடித்தார். பிறகு, "பாத்துச் சொல்றன்" என்றார். நீங்கள் அந்தப் பதிலையும் மரியாதையாக எழுதிக்கொண்டு உட்கார்ந்தீர்கள்.

அதனால்தான் ஐயா நான் பயந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் என் முறை வந்தது. கிண்ணியாப் பாலம் வருவதற்கு முன், பஸ்ஸையும் லொறியையும் ஆட்களையும் ஏற்றிக் கரை கடத்திய மிதவை இருந்ததே, எங்கள் ஊரில் 'பாதை' என்போமே, அதைப் பற்றிய பேச்சு. முன் வரிசையில், வெள்ளை உறை போட்ட கதிரைகளில், கொழும்பிலிருந்து வந்த ஆராய்ச்சிக் குழு. பேச்சு அவர்களுக்குப் பிடித்தால் இரண்டு வருடம் வகுப்பெடுக்காமல் ஆராய்ச்சி மட்டும் செய்யலாம். பரீட்சைத் தாள் திருத்தித் திருத்தியே நரைத்துப்போன எனக்கு அது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கூட்டத்தை நடத்திய தோழியைக் காலையிலேயே ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டேன்.

"இண்டைக்கு அந்த ஐயாட்ட மைக்கக் குடுத்திராதீங்க. அவர் எழும்பினா என்ட கதை முடிஞ்சிது."

அவள் சிரித்தாள். ஆனால் சொன்னபடி செய்தாள். நான் பேசி முடிக்க, நாலாம் வரிசையில் கை எழும்பியது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. "நேரம் போதாமப் போயிட்டுது, தேத்தண்ணியும் ஆறுது" என்று மைக்கில் சொன்னாள். மண்டபம் சிரித்தது. நீங்கள் கொஞ்ச நேரம் நின்றீர்கள். பிறகு கொப்பியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, தேநீர் மேசைப் பக்கமே போகாமல் வெளியே நடந்தீர்கள். குழுவின் தலைவர் எனக்குக் கை தந்துகொண்டிருந்தார். அவருடைய தோளுக்கு மேலால் உங்கள் முதுகைப் பார்த்தேன்.

அந்த வாய்ப்பு கிடைத்தது. அடுத்த மாரியில் கப்பல்துறைச் சந்திச் சுவரில் உங்கள் முகத்தோடு கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்ததை பஸ் யன்னலால் கண்டேன். எழுத்தைப் படிப்பதற்குள் பஸ் எடுத்துவிட்டது. இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. என்ன கேட்க வந்தீர்கள்? எஞ்சினைப் பற்றிப் பிழையாகச் சொன்னேனா, இறங்குதுறையை இடம் மாற்றிவிட்டேனா என்று என் பேச்சை நானே துருவினேன். கிண்ணியாவுக்கும் வெள்ளைமணலுக்கும் திரும்பத் திரும்பப் போய்ப் பழைய ஆட்களிடம் கதை கேட்டேன். சோறு தின்னும்போதும் பஸ்ஸில் போகும்போதும் நாலாம் வரிசையில் ஒரு கை எழும்பியபடியே இருந்தது. நாளை அதே குழு வருகிறது, நான் அனுப்பிய அறிக்கையோடு, ஆராய்ச்சியில் என்ன கண்டேன் என்று கேட்க. நேற்று வளாகத்தில் இருக்க ஏலாமல் வெளிக்கிட்டு, உங்கள் சந்தியில் இறங்கி, வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன்.

உங்கள் மனைவி என்னைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் யாரென்று சொல்ல முதலே, "பாதையப் பற்றிப் பேசின மிஸ்தானே?" என்றார்.

"அண்டைக்கு வந்து என்ன சொன்னவர், அம்மா?"

"ஒண்டுமில்லை. 'மிஸ்ஸுக்கு நேரம் காணாமப் போச்சு, அடுத்த கூட்டத்தில கேக்கிறன்' எண்டவர். பற்றிஸும் கொண்டரேல்லை. நான்தான் ஏசினனான். அதுக்குப் பிறகு முழங்கால் ஏலாமக் கூட்டத்துக்கே போகேல்லை."

கோபப்பட்டிருப்பீர்கள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். கோபம்கூட இல்லை என்று கேட்டபோது அழுகை வந்துவிட்டது. அவர் உள்ளே போய் அலுமாரியைத் திறந்து இந்தக் கொப்பியை எடுத்து வந்து, "நீங்கள் வைச்சுப் பாருங்கோ" என்று தந்தார்.

பஸ்ஸில் இருந்தபடியே திறந்தேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பக்கம். மேலே கேள்வி. கீழே பதிலுக்கென்று மூன்று வரி விட்டு, பதில் வந்ததும் அதில் எழுதியிருக்கிறீர்கள். பாய்க்கப்பல் பேராசிரியரின் பக்கத்தில் 'பார்த்துச் சொல்வார்' என்றிருந்தது. அதற்குப் பக்கத்தில் வேறு மையில், 'இன்னும் சொல்லேல்லை'. பஸ்ஸென்றும் பாராமல் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்போடேயே கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன்.

என் பேச்சிலிருந்து ஒரேயொரு வசனத்தை எடுத்து எழுதியிருந்தீர்கள். பாதையைக் கரையோடு சேர்த்துக் கயிறு போட்டவர்கள் பயமறியாதவர்கள், அவர்களில் ஒருவரைக்கூட இன்று தேடிப்பிடிக்க முடியவில்லை. நான் சொன்னதுதான், ஒரு சொல்லும் மாறாமல். குரலை உயர்த்தி, கைதட்டலுக்காக ஒரு நொடி நிறுத்தி, சொன்னது. அதன் கீழே உங்கள் எழுத்து:

'ஒரு சின்னச் சந்தேகம், மிஸ். நான் இருக்கிறன். பாலம் வருமட்டும் கயிறு போட்டனான். நாங்கள் பயந்ததையும் சொல்லலாமோ?'

ஐயா, கேள்வி கேட்பதுதான் என் தொழில். அதற்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு வீடு வீடாகப் போய்ச் சாரதிகளையும் கடைக்காரர்களையும் கேட்டேன். எங்கள் மண்டபத்தில் கூட்டத்துக்குக் கூட்டம் வந்து உட்கார்ந்த மனிதரிடம், நீங்கள் யார், என்ன வேலை செய்தீர்கள் என்று ஒருநாளாவது கேட்டேனா? வெள்ளைச் சீருடையோடு உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாதையில் நானும் போனவள். கயிற்றில் கால் படாமல் தாண்டச் சொல்லி உம்மா கத்துவார். கயிற்றைத்தான் பார்த்தேன். அதைப் பிடித்திருந்தது யாரென்று நிமிர்ந்து பார்த்ததில்லை.

தோழிக்குப் போன் பண்ணினேன். நாளைக்கு இந்தப் பக்கத்தைத்தான் முதலில் வாசிக்கப் போகிறேன், மைக்கைத் தடுத்தது நான்தான் என்பதையும் சொல்லப் போகிறேன் என்றேன்.

"உங்களுக்கென்ன விசரா? குழு முன்னுக்கு இருக்கும். அறிக்கையத் திருப்பி அனுப்பிருவாங்க."

"அனுப்பட்டும். அது பிழையான அறிக்கைதானே."

சொல்லிவிட்டேனே தவிர, பயம் விடவில்லை. இரண்டு வருட வேலை. அவர்கள் அதை ஏற்காவிட்டால் இனி எனக்கு இப்படியொரு வாய்ப்பு வராது, என் வயது அப்படி. ஆனாலும் காலையில் நாளைய பேச்சிலும் இருந்த அந்த வசனத்தை வெட்டிவிட்டு, 'நான் தேடவில்லை' என்று எழுதியிருக்கிறேன். உங்கள் மனைவியும் வருகிறார். நாலாம் வரிசை ஓரக் கதிரையை அவருக்கென்று வைக்கச் சொல்லியிருக்கிறேன். "நான் ஒருநாளும் அங்க வந்ததில்லை, பற்றிஸ் குடுப்பினமோ?" என்று கேட்டார். குடுப்பார்கள் அம்மா என்றேன்.

நீங்கள் எதற்குப் பயந்தீர்கள்? மாரித் தண்ணீரின் இழுவைக்கா, அளவுக்கு மிஞ்சி ஏற்றிய லொறிக்கா, கயிற்றைத் தாண்ட முடியாமல் தடுமாறிய எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கா? இனி எனக்குத் தெரியப்போவதில்லை. நாளை குழு என்ன முடிவெடுத்தாலும் இதை நான் சுமந்துகொண்டுதான் திரிய வேண்டும். யாராவது பேசி முடிக்கும்போது, மண்டபத்தில் கை எழும்புகிறதா என்று பின்வரிசை வரை பார்க்காமல் இனி என்னால் இருக்க ஏலாது.

கடைசிப் பக்கத்தில் மட்டும் அந்த மூன்று வரியும் வெறுமையாகக் கிடக்கின்றன. கொப்பி உங்களுடையது, பதில் நான் தரவேண்டியது. பேனையை எடுத்துவிட்டேன். முதல் வரியில் எழுதுகிறேன்:

ஓம் ஐயா. சொல்லுங்க.