முதுகில் பட்ட மண்

பதுளை,
19-1-1926

அன்பு மச்சான் ஷுக்ரிக்கு,

இங்கு எல்லோரும் சுகம். நீயும் உன் மனைவி ஸவாஹிராவும் சுகந்தானே? ரயிலேறிப் போன ஆள், சேர்ந்துவிட்டேன் என்று ஒரு வரி போடக்கூடாதா? ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என் சிலேட்டைப் பார்த்து எழுதியவனுக்கு, இப்போது ஒரு தபால் கார்டு கூடப் பாரமாகிவிட்டது.

ஊரெல்லாம் மாட்டுப் பொங்கல் குஸ்திப் பேச்சுத்தான். நம் இரும்புக்கடைக்காரர் மகன் ஷுக்ரி கொழும்பில் தோல்வி காணாத பயில்வானாகித் திரும்பி வந்து, ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து அழகரை மல்லாத்திவிட்டான் என்று கிழவர்கள்கூடத் தொடையைத் தட்டுகிறார்கள். நான் மத்தியஸ்தனாக உட்கார்ந்ததும், உனக்குச் சால்வை போர்த்தியதும் பட்டணச் சபைத் தேர்தலுக்கு நல்ல சகுனமாம். மார்ச் ஆறாம் தேதி வாக்கெடுப்பு. "நடுநிலை தவறாத சுந்தரலிங்கம்" என்று நோட்டீஸ் அச்சாகிறது. சிரிக்காதே.

ஒரே ஒரு தொந்தரவு. ஞாயிற்றுச் சந்தைக்கு வந்த அழகர் நேரே என் துணிக்கடைக்கு வந்துவிட்டான். கடை நிறைய ஆட்கள். "ஐயா, அவரு முதுகுல மண்ணு பட்டுச்சு. நீங்க பாத்தீங்களா, இல்லையா?" என்றான். வியாபார நேரம், அப்புறம் வா என்று அனுப்பிவிட்டேன். நீ முறையாக ஜெயித்ததாக நாலு வரி எழுதி அனுப்பு. கடையில் ஒட்டிவிட்டால் வாயடைத்துப் போவான்.

உன் மச்சான்,
சுந்தரலிங்கம்


கொழும்பு,
27-1-1926

அன்பு மச்சான் சுந்தரத்துக்கு,

இறைவன் அருளால் சுகம். எழுதாதது என் தப்புத்தான், திட்டிக்கொள். உன் வீட்டுக்காரி ராமலட்சுமி கொடுத்தனுப்பிய பலகாரம் ரயில் நானுஓயா சேருமுன்னே தீர்ந்துவிட்டது. பாதியை எதிரே இருந்த ஒரு சுருட்டு வியாபாரி தின்றான்.

நீ கேட்ட நாலு வரியை எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. ஏப்ரலில் இங்கே பெரிய குஸ்தி பேசியிருக்கிறார்கள், ஒரு பஞ்சாப்காரனோடு. சுவரெல்லாம் என் படத்துக்குக் கீழே "தோல்வி காணாதவர்" என்று குஸ்தி ஏற்பாடு செய்தவன் அச்சடித்து ஒட்டியிருக்கிறான். இந்த நேரத்தில் நான் பதுளைச் சங்கதியைக் கிளறினால் எனக்குத்தான் நஷ்டம்.

நீ போர்த்திய சால்வையைச் சலவைக்காரன் மூன்று தரம் வெளுத்தும் உள்பக்கத்துச் செம்மண் கறை போகவில்லை. ஸவாஹிரா விரித்துப் பார்த்துவிட்டு, "இதென்ன மண்? நீங்க விழுந்தீங்களா?" என்று கேட்டாள். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

மச்சான், நீயும் நானும் மட்டும்தானே, ஒளிப்பானேன்? நான் விழுந்தது உன் நாற்காலிக்கு நேர் எதிரே. அழகரின் உடம்பு மறைத்ததால் ஜனத்துக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தது. நான் உன் கண்ணைப் பார்த்தேன். அப்போதே நீ கையைத் தூக்கியிருந்தால் குஸ்தி முடிந்திருக்கும், ஜெயித்தவன் அழகர். நீ தூக்கவில்லை. நான் புரண்டெழுந்து, மலைத்து நின்றவனை மல்லாத்தினேன். மூச்சு வாங்குமுன் சால்வையோடு ஓடி வந்து என் முதுகை மூடியவன் நீ. ஆகவே அழகருக்குப் பதில் சொல்ல வேண்டியவனும் நீதான். என்னை விட்டுவிடு.

அன்புடன்,
ஷுக்ரி


பதுளை,
8-2-1926

ஷுக்ரிக்கு,

உன் கடிதம் கண்டேன். நன்றாயிருக்கிறது உன் நியாயம்! இறங்கும் முன் இரண்டு பேர் முதுகையும் ஊர் பார்க்க ஈரத்துணியால் துடைப்பது நம் கோதா வழக்கம். எதற்காக? மண் பட்டால் ஒளிக்க முடியாதிருக்கத்தானே? நீ ஒருதரம் திரும்பி நின்றிருந்தால் போதுமே. என் கையில் சால்வையைப் பார்த்ததும் குனிந்தது யார் தோள்? என் தோளா?

கோபம் இருக்கட்டும். அழகர் ஒரு ஞாயிறு விடாமல் வருகிறான். சத்தம் போடுவதில்லை, வைவதில்லை. அதே கேள்வி. கேட்டுவிட்டுப் போய்விடுகிறான். திட்டினால் திருப்பித் திட்டலாம், இவனை என்ன செய்வது? முதலில் சிரித்த வாடிக்கைக்காரர்கள் இப்போது நான் என்ன சொல்வேன் என்று என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

தோட்டத்து லயத்தில் அவனுக்குப் பொய்யன் என்று பெயராகிவிட்டது. தோற்றதை ஒத்துக்கொள்ளாத பயலால் தோட்டத்துக்கே அவமானம் என்று கங்காணி, மாரியம்மன் திருவிழாக் குஸ்தியிலிருந்து அவன் பேரை எடுத்துவிட்டார். அவன் மனைவி பூவம்மா, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெண்களின் கேலி பொறுக்காமல் அழுதாளாம். இதை எனக்குச் சொன்னது வேறு யாருமில்லை, ராமலட்சுமிதான். சொல்லிவிட்டு, சோற்றைப் போட்டபடி, "எனக்காவது சொல்லுங்க. பாத்தீங்களா, இல்லியா?" என்றாள். நான் பாதிச் சோற்றில் கை கழுவினேன்.

தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லை. அதுவரை பொறுத்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

சுந்தரலிங்கம்


கொழும்பு,
15-2-1926

அன்பு மச்சான்,

உன்மேல் பழியைப் போட்டு எழுதிய கடிதத்தை மறந்துவிடு. நடந்ததைக் கேள்.

ஏப்ரல் குஸ்திக்கு மத்தியஸ்தராக வரப்போகும் மனிதர் நேற்று வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணீர் குடித்துவிட்டு, "பதுளையில நடந்ததெல்லாம் கேள்விப்பட்டன் பயில்வான். பயப்பட வேணாம். உங்கட முதுகு பட்டா நான் வேற பக்கம் பார்ப்பன்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு உதவி செய்வதாக நினைப்பு. இருபது வருஷமாக மண்ணில் புரண்டு சேர்த்த பெயர், மச்சான். இனி நான் ஜெயித்தாலும், ஜெயித்தேனா என்று எனக்கே தெரியப்போவதில்லை. அழகரிடம் திருடியது என் சொத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. அழுகையாக வந்தது.

ஸவாஹிராவிடம் சொல்லிவிட்டேன். குஸ்தி ஏற்பாடு செய்தவனிடமும் சொன்னேன். அவன் என் படத்தைக் கிழிக்கச் சொல்லிவிட்டான். சரி, படம்தானே.

வருகிற ஞாயிறு, சந்தை கூடும் நேரத்துக்கு அதே கோதாவில் நிற்பேன். சால்வையும் வரும். யார் என்னை மூடினார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், என் முதுகைப் பற்றி மட்டுமே பேசுவேன். நீ கடையிலேயே இருந்துகொண்டாலும் நம் சிநேகத்தில் குறைவில்லை. ஆனால் வந்தால் சந்தோஷப்படுவேன்.

உன்,
ஷுக்ரி


பதுளை,
15-3-1926

அன்பு மச்சான் ஷுக்ரிக்கு,

கோபமெல்லாம் போயே போய்விட்டது. அன்று நீ ஜனத்துக்கு முதுகைக் காட்டி நின்று, "இங்கேதான் மண் பட்டது, அழகர் ஜெயித்தார்" என்று சொன்னபோது, நான் வெற்றிலைக் கடை ஓரத்தில் ஒளிந்துதான் நின்றேன். அழகர் கூட்டத்தில் தேடி என்னைக் கண்டுபிடித்தான். கேள்வி கேட்கவில்லை, பார்த்தான், அவ்வளவுதான். என் கால்கள் தாமே நடந்து வந்தன. "பார்த்தேன். பார்த்துவிட்டு மறைத்தேன்" என்று நான் சொன்னதை நீ கேட்டாய். சால்வையை அழகருக்குப் போர்த்திவிட்டு ரயிலுக்கு ஓடிவிட்டாய். அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது.

தேர்தலில் நன்றாகத் தோற்றேன். என் சொந்தத் தெருவே எனக்குப் போடவில்லை. இரண்டு நாள் கடைப்பக்கம் போகவில்லை. ராமலட்சுமி மட்டும் முன்பு மாதிரி முகம் பார்த்துச் சோறு போடுகிறாள். அது போதும் என்று பொய் சொல்லமாட்டேன், தோற்றது வலிக்கிறது. ஆனால் சாப்பிட முடிகிறது.

நேற்று ஞாயிறு. அழகர் வந்தான், பூவம்மாவோடு. சால்வையை மடித்து மேசைமேல் வைத்தான். "இது ஒங்க கடைச் சரக்குங்க, வச்சுக்குங்க. போத்திக்கிட்டு கொழுந்து பறிக்க மலைக்கா போறது? கங்காணி என் பேரைத் திருப்பிச் சேத்துட்டாரு. சித்திரையில திருவிழாக் குஸ்தி. என்னோட ஷுக்ரி பயில்வான் எறங்குவாரான்னு எழுதிக் கேளுங்க. நீங்கதான் நாக்காலியில ஒக்காரணும்" என்றான்.

"நானா? ஊரே என்னைத் தள்ளிவிட்டதே" என்றேன்.

"நாக்காலியில ஒக்காந்தவங்க தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லி நான் கேட்டதே இல்லைங்க. நீங்க சொன்னீங்க. இனிமே பாத்ததைத்தான் சொல்லுவீங்க."

பூவம்மா, "அதோட, இந்தத் தடவை யாரு கையிலயும் சால்வை இருக்கக்கூடாதுங்க" என்றாள். நான் கடை என்றும் பாராமல் அழுதுவிட்டேன். பிறகு அவள் ஒரு சேலை வாங்கினாள், பேரம் பேசியே.

ஆகவே உடனே பயிற்சியைத் தொடங்கு. அழகர் தொடங்கிவிட்டான். நான் வெறுங்கையோடு உட்காருவேன். உன் முதுகில் மண் பட்டால் கையைத் தூக்கிவிடுவேன், மச்சான். அதற்காகக் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் ரயிலேறிவிடாதே. ஸவாஹிராவையும் அழைத்துக்கொண்டு வா. ராமலட்சுமி இப்போதே பலகாரத்துக்கு அரிசி ஊறப்போடும் அவசரத்தில் இருக்கிறாள்.

என்றும் உன் மச்சான்,
சுந்தரலிங்கம்