முப்பது நாள் இருக்கிறது

மார்ச் 2, ஞாயிறு

மதியம் மைத்துனன் சாப்பிட வந்தான். வந்தவன் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே? கைபேசிக் கடை வைத்திருப்பவனுக்கு உலகத்தில் தெரியாதது ஒன்றும் கிடையாது. கடைக்கு வருகிறவர்களுக்குப் பாட்டு, படம், சமையல், தையல் என்று கேட்டதையெல்லாம் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுக்கிறானாம். பெருமையாக வேறு சொல்கிறான்.

"அதுக்குப் பேரு திருட்டு" என்றேன்.

"எடுத்த இடத்துல எடுத்தது அப்படியே இருக்கு மாமா. அப்புறம் என்ன திருட்டு?"

காணொளித் தளத்தின் ஒன்பதாம் விதியை அவனுக்கு ஒப்பித்தேன். 'பயனர் எந்த உள்ளடக்கத்தையும் நகலெடுக்கவோ, இறக்கி வைத்துக்கொள்ளவோ, பிறருக்கு வழங்கவோ கூடாது.' எனக்கு மனப்பாடம். ஏனென்றால் தமிழில் அதை எழுதியவனே நான்தான். பதினான்கு வருடமாக இதுதான் என் பிழைப்பு. எந்தச் செயலியைத் திறந்தாலும் விதிமுறை என்று முழம் முழமாக ஓடி, அடியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தான் நிற்கும் அல்லவா? அந்த முழங்களை ஆங்கிலத்திலிருந்து பெயர்த்துக் கொடுப்பவன் நான்.

"அத யாரு மாமா படிக்கிறாங்க?" என்றான். இவள் சிரித்தாள். தம்பி என்ன சொன்னாலும் இவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

படிக்க மாட்டார்கள்தான். வீட்டு விலாசம், கைரேகை, பிள்ளைகளின் முகம் எல்லாவற்றையும் ஒரு தட்டில் தூக்கிக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஏமாந்துவிட்டோம் என்று தலையில் கை வைப்பார்கள். நன்றாக வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

ஒரு குளிர்சாதனப் பெட்டிக்கு இருபத்திரண்டு பக்க விதிமுறை. கதவைத் திறந்தாலே அத்தனைக்கும் சம்மதித்ததாக அர்த்தமாம். பால் எடுக்கப் போகிறவன் வக்கீலைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

மார்ச் 10, திங்கள்

அதே காணொளித் தளத்தில் இவள் நடத்தும் தையல் பாடப் பக்கத்தை முடக்கிவிட்டார்கள்.

காலையில் பாடம் ஏற்றப் போனவள் கைபேசியை என்னிடம் நீட்டினாள். துணிக் கம்பெனி ஒன்று புகார் கொடுத்திருக்கிறது. 'முதுகுப் பக்கம் திறக்கும் மேலாடை' அவர்களுடைய பதிவு பெற்ற வடிவமைப்பாம். இவள் அதைத் திருடிப் பாடம் நடத்துகிறாளாம். பதிவு செய்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். இவள் அந்தச் சட்டையைத் தைத்துக் காட்டி ஆறு வருடம் ஆகிறது! சட்டையைப் பின்னால் திறப்பதற்கு ஒரு உரிமைப் பத்திரம். நாளைக்குப் பொத்தானுக்கு ஓட்டை போடுவதற்கும் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

ஆறு வருடத்தில் நூற்று எண்பத்தாறு பாடங்கள். எல்லாம் படுக்கையில் கிடப்பவர்களுக்கும், கை கால் வராதவர்களுக்கும் உடை தைப்பது. முதல் பாடமே அந்தச் சட்டைதான். என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையைத் தூக்க முடியாமல் போனபோது, அவரை வதைக்காமல் எப்படி உடை மாற்றுவது என்று இவளே யோசித்து வெட்டியது. படத்தில் அப்பா அதைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். "ஏம்மா, முன்னாடி பார்த்தா துரை, பின்னாடி பார்த்தா காத்தோட்டம்" என்று சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அடுத்த வருடம் போய்விட்டார். அவர் குரல் என்று எங்களிடம் இருப்பது அந்த ஒன்றுதான்.

கைபேசியில் எடுப்பாள், தளத்தில் ஏற்றுவாள், இடம் போதவில்லை என்று கைபேசியில் அழித்துவிடுவாள். "இணையத்துல இருக்குல்ல, எங்க போயிடப்போகுது?" என்று சொல்லிக் கொடுத்த மகான் நான்தான்.

கடிதத்தின் கடைசி வரி: 'பதினான்காம் விதியின்படி உரிய காலத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.' பதினான்கு என் விதி. முப்பது நாள். போன வருடம்தான் எழுதினேன். வாருங்கள் மகராசர்களே, ஆள் தெரியாமல் கை வைத்துவிட்டீர்கள்.

மார்ச் 11, செவ்வாய்

"இப்பவே நாலு வரி எழுதி அனுப்பிடுங்களேன்" என்கிறாள். "இது நான் தைச்சதுன்னு சொன்னா போதாதா?"

"போதாது. அவங்க பாஷையிலயே அவங்களுக்குக் குடுக்கணும். முப்பது நாள் இருக்கு. அவசரப்பட்டா காரியம் கெடும்."

எழுத ஆரம்பித்தேன். இரண்டாம் விதிக்கும் பதினொன்றாம் விதிக்கும் உள்ள முரண்பாடு ஒன்றே நான்கு பக்கம் வரும். அந்த முரண்பாட்டை மொழிபெயர்க்கும்போதே பார்த்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

பதினோரு பக்கம் ஆகிவிட்டது. மைத்துனன் வந்து எட்டிப் பார்த்தான். "இதையும் யாரும் படிக்க மாட்டாங்க மாமா" என்றான். இவளுக்கு இன்று சிரிப்பு வரவில்லை. "எப்ப அனுப்புவீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 19, புதன்

பதினேழாம் பக்கம். அருமையாக வருகிறது. துணிக் கம்பெனிக்காரன் படித்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்வான்.

மார்ச் 22, சனி

காலையில் அனுப்பப் போனேன். இருபத்தொரு பக்கம், அப்பாவின் மருத்துவச் சீட்டு, முதல் சட்டையின் படம் எல்லாம் சேர்த்து. பொத்தானே இல்லை.

'ஆட்சேபத்துக்குரிய பத்து நாட்கள் முடிவுற்றதால் கணக்கு நிரந்தரமாக நீக்கப்பட்டது. இம்முடிவு மேல்முறையீட்டுக்கு உட்பட்டதன்று.'

பத்து?

முதலில் ஏதோ பிழை என்று நினைத்தேன். அப்புறம்தான் பதினான்காம் விதியைத் திறந்தேன். அன்றைக்கே திறந்திருக்க வேண்டியது. ஒரு நிமிட வேலை. வாக்கியம் முழுக்க என்னுடையது, ஒரு சொல் மாறவில்லை. முப்பது இருந்த இடத்தில் பத்து உட்கார்ந்திருக்கிறது.

அவள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன். கையில் இருந்த துண்டை உதறிப் போட்டாள், கிளிப் மாட்டினாள். "மாமா குரலும் போயிடுச்சா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

என்ன பண்ணித் தொலைச்சேன் நான். நாலு வரி. நாலு வரி எழுதச் சொன்னாளே.

மார்ச் 24, திங்கள்

தளத்தின் உதவி எண்ணில் ஒரு மணி நேரம் காத்திருந்து ஒரு பையன் கிடைத்தான்.

"உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது சார். ஆனா இம்முடிவு மேல்முறையீட்டுக்கு உட்பட்டதன்று சார்."

"தம்பி, அந்த வரிய எழுதினதே நான்தான்."

"அப்படியா சார்? நல்லா இருக்கு சார்" என்றான். கிண்டல் இல்லை, உண்மையாகத்தான் சொன்னான். அதுதான் தாங்கமுடியவில்லை. 'உட்பட்டதன்று' என்று எழுதிய அன்று நானும் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்து ரசித்தவன்தான்.

பிறகு எங்கள் மொழிபெயர்ப்பு நிறுவனத்தின் மேலாளர் அம்மாவைக் கூப்பிட்டேன். "கடைசி நேரத்துல அந்தத் தளத்துக்காரங்க நாள மாத்திட்டாங்க சார். ஒரு நம்பருக்காக உங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு சாஃப்ட்வேர்லயே மாத்திட்டோம்." என்ன ஒரு கரிசனம்.

மார்ச் 25, செவ்வாய்

இதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு?

போன ஆண்டு புது விதிமுறை வந்த அன்று அவள் கைபேசித் திரை முழுவதும் எழுத்தாக நின்றது. என்னிடம்தான் கொண்டுவந்தாள். "என்னமோ கேக்குதுங்க. படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க." நான் படிக்கவில்லை. "நான் எழுதினத நானே படிக்கணுமா?" என்று சொல்லிவிட்டு, கடைசி வரை தள்ளி, நானே பொத்தானை அழுத்திக் கொடுத்தேன். ஊரில் இருக்கும் ஆட்டு மந்தைக்காவது படித்தால் புரியாது என்று ஒரு சாக்கு உண்டு. எனக்கு?

இன்று அவளிடம் சொல்லிவிட்டேன். "ஞாபகம் இருக்கு" என்றாள். "நான்தானே கொண்டாந்து நீட்டினேன்."

திட்டியிருக்கலாம். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் தெருவே கேட்கத் திட்டியிருப்பேன்.

மார்ச் 29, சனி

துணிக் கம்பெனியின் விளம்பரம் என் கைபேசியிலேயே வருகிறது. 'முதியோருக்கான எங்கள் புதிய கண்டுபிடிப்பு.' வெட்டு அவளுடையது, ஒரு தோளில் இரண்டு விரல் இறக்கம் உட்பட. அந்த இறக்கம் எதற்கு என்று அவர்களுக்குத் தெரியுமா? அப்பாவுக்கு ஒரு தோள் தாழ்ந்திருக்கும், அதற்கு. இரண்டு தோளும் சரியாக இருப்பவனுக்கும் அதே இறக்கத்தோடு தைத்து விற்கிறார்கள். திருடுவதையாவது புரிந்து திருடக்கூடாதா?

தையல் மெஷின்மேல் உறை போட்டு மூடியிருக்கிறாள். ஏழு நாளாகிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

சாயங்காலம் மைத்துனன் வந்தான். உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து நகம் அளவில் ஒரு மெமரி கார்டை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"திட்டாதீங்க மாமா."

"என்ன இது?"

"அக்கா பாடம். நூத்தி நாப்பது வரைக்கும் இருக்கு. கடைக்கு வர்றவங்க கேப்பாங்க. வீட்டுல யாராவது படுத்த படுக்கையா இருப்பாங்க, நெட்டு இருக்காது, இருந்தாலும் சரியா வராது. கார்டுல ஏத்திக் குடுத்துருவேன். உங்ககிட்டச் சொன்னா விதி நம்பர் சொல்லுவீங்கன்னு சொல்லல. பழைய கார்டு எங்கயோ போட்டுட்டேன், பத்து நாளா தேடி இன்னிக்குத்தான் கிடைச்சுது."

அன்றைக்கு வரிசையாகச் சொன்னானே, பாட்டு, படம், சமையல், தையல் என்று. எந்தத் தையல் என்று நான் கேட்கவில்லை. திருடன் என்று சொல்லுவதிலேயே மும்முரமாக இருந்தேன்.

முதல் பாடத்தைப் போட்டான். கார்டில் இடம் போதவேண்டும் என்று சுருக்கி ஏற்றியிருக்கிறான், படம் மங்கிப்போய் அப்பாவின் முகம் கலங்கலாகத் தெரிகிறது. குரல் தெளிவாக இருக்கிறது. முன்னாடி பார்த்தா துரை என்றார். சிரித்தார். இவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அழுதேன். மைத்துனன் எதிரிலேயே அழுதேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

பாடத்தில் சந்தேகம் கேட்டு முன்பு கூப்பிட்டவர்களுக்கெல்லாம் இவள் போன் போடுகிறாள். நகல் வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் முதலில் மன்னிப்புக் கேட்கிறார்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு நர்ஸ், "தப்பா நினைக்காதீங்கக்கா, முப்பத்தோரு பாடம் இறக்கி வெச்சிருக்கேன், டியூட்டில பார்க்கிறதுக்கு" என்று தயங்கித் தயங்கிச் சொல்லி, அத்தனையும் அனுப்பினார். இன்னொருவர் பன்னிரண்டு.

நூற்று எண்பத்து மூன்று திரும்பி வந்துவிட்டன. மூன்றைக் காணோம்.

கணக்கு இதுதான். ஒன்பதாம் விதிக்குக் கட்டுப்பட்டு நடந்த உத்தமர்களில் ஒருவராலும் எங்களுக்கு உதவ முடியவில்லை. அவர்களிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. கொடுத்தவர்கள் எல்லோரும் என் எழுத்தின்படி குற்றவாளிகள்.

ஏப்ரல் 17, வியாழன்

மேலாளர் அம்மா அதே தளத்தின் புது விதிமுறையை அனுப்பியிருக்கிறார். ஒன்பதில் ஒரு வரி கூடியிருக்கிறது. ஏற்கெனவே இறக்கி வைத்திருக்கும் நகல்களையும் பயனர் அழித்துவிட வேண்டுமாம். என் மேசையில் அந்தக் கார்டு கிடக்கிறது.

என்னால் முடியாது என்று சொன்னேன்.

"பரவாயில்ல சார். மொழிபெயர்ப்பு மெஷின்ல போட்டுக்கிறோம். உங்க பழைய வேலையெல்லாம் குடுத்துத்தான் அதப் பழக்கியிருக்கோம், அச்சு அசலா நீங்க எழுதின மாதிரியே வருது."

பதினான்கு வருட வாக்கியங்கள். என்னைக் கேட்கவேண்டாமா என்றேன். ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றார். இருக்கும். அதையும் நான் படித்திருக்க மாட்டேன்.

மே 4, ஞாயிறு

மைத்துனன் சாப்பிட வந்தான். சொந்தமாக ஒரு சின்ன இணையதளம் போட்டுக் கொடுத்திருக்கிறான். யாரும் ஒரு கடிதத்தில் மூடிவிட முடியாதாம். அவன் சொல்கிறான், எனக்கு நம்பிக்கையில்லை. மூடினால் மூடட்டும், கார்டுகள் இப்போது பதினேழு வீட்டில் இருக்கின்றன.

எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, "மாமா, விதிமுறைன்னு ஒரு பக்கம் வேணும். எழுதிக் குடுங்க" என்றான்.

நான் பேனாவைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து இவள் சொன்னாள். "வேணுங்கிறவங்க எடுத்துக்கோங்க. தைக்கத் தெரியாதவங்களுக்குச் சொல்லிக் குடுங்க. அவ்வளவுதான், போடு."

"கொஞ்சம் திருத்தி..." என்றேன்.

"கைய வெக்காதீங்க."

வைக்கவில்லை. சொன்னபடியே அடித்தேன். அடித்துவிட்டு முழுதாக ஒரு முறை படித்தும் பார்த்தேன்.

"அடியில ஒப்புக்கொள்கிறேன் பட்டன் எங்க வெக்கிறது?" என்றான் மைத்துனன்.

"எதுக்குடா அது?" என்றாள்.

பொத்தான் இல்லாமலே திறந்துவிட்டோம். சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் யாரோ ஒருவர் முதல் பாடத்தை இறக்கியிருந்தார். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. வேறு எதையும் தொடவில்லை, முதுகில் திறக்கும் சட்டை மட்டும்தான்.

இவள் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "யாரு வீட்லயோ படுத்திருக்காங்க போல" என்றாள். பிறகு போய் மெஷின் உறையை எடுத்தாள். காணாமல்போன மூன்று பாடங்களில் ஒன்றை இன்றைக்கே மறுபடி எடுக்கவேண்டுமாம். போட்டுக் காட்ட ஆள் வேண்டும் என்று என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள்.